வேப்பிலை கட்டிய வாசல்

கார்க் கதவைத் திறக்க ஒரு கை வேண்டியிருந்தது. சொர்ணலதாவின் இரண்டு கையிலும் பிள்ளை இருந்தாள். ஆஸ்பத்திரிப் போர்வையில் தலை முதல் கால்வரை சுற்றிய ஏழு வயது யமுனா. டாக்சிக்காரர் இறங்கி வந்து கதவைத் திறந்துவிட்டார். அவர் அவள் முகத்தையும் பார்க்கவில்லை, போர்வையையும் பார்க்கவில்லை. கைப்பிடியையே பார்த்துக்கொண்டு நின்றார். முன்சீட்டிலிருந்து இறங்கிய அவள் புருஷன் சந்திரன் கையை நீட்டினான்.

"குடு, நான் தூக்கிக்கறேன்."

அவள் கொடுக்கவில்லை.

மண்டி மொஹல்லாவின் அந்தச் சந்துக்குள் கார் நுழையாது. எதிரெதிரே இரண்டு ஸ்கூட்டர் வந்தாலே ஒன்று பின்வாங்கியாக வேண்டும். சந்து முனையில் லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினார்கள். ஓர் ஆட்டோக்காரர் ஹார்னில் வைத்திருந்த கையை எடுத்தார். சொர்ணலதா முன்னால் நடந்தாள். சந்திரன் பின்னால் வந்தான்.

எட்டு வீடுகளும் நடுவில் ஒரு குழாயுமாக இருக்கும் அந்த இடத்தைக் கன்னடக்காரர்கள் வட்டாரா என்பார்கள். ராமாபுரம், கொள்ளேகால் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த தமிழர்கள் வளவு என்பார்கள். பெயர் எதுவானாலும் சுவர் ஒன்றுதான். ஒரு வீட்டுக் குழந்தை தும்மினால் அடுத்த வீட்டிலிருந்து 'நூறு' என்று குரல் வரும். ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் மற்ற ஏழு வீட்டிலும் தீர்ப்பு தயாராக இருக்கும். அப்படிப்பட்ட வளவுக்குள் ஒரு தாய் செத்த பிள்ளையை ஏந்திக்கொண்டு நுழைந்தால் என்ன நடக்க வேண்டும்? பெண்கள் ஓடிவந்து கட்டிக்கொள்ள வேண்டும். 'என் தங்கமே' என்று நாலு பேராவது குரல் எடுக்க வேண்டும். யாராவது சொர்ணலதாவின் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்திருந்தால் அவள் அங்கேயே விழுந்திருப்பாள். விழத்தான் அவளுக்கும் ஆசையாக இருந்தது.

யாரும் ஓடி வரவில்லை. சந்திரன் வேலை செய்யும் பாத்திரக்கடை முதலாளி ஆள் அனுப்பிச் சேதி சொல்லிவிட்டிருந்தார். அதனால் எல்லாரும் முற்றத்தில்தான் நின்றிருந்தார்கள். அவள் நுழைந்ததும் இரண்டு பக்கமும் விலகி வழிவிட்டார்கள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கைகளைக் குவித்துக்கொண்டு நின்றார்கள். யார் கண்ணும் நனைந்திருக்கவில்லை. குழாயில் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, அதை நிறுத்தக்கூட யாரும் நகரவில்லை.

பூ விற்கும் நாச்சம்மாள் மட்டும் வாய் திறந்தாள். வளவில் நல்லது கெட்டது எதுவானாலும் முறை சொல்பவள் அவள்தான்.

"சத்தம் வரக்கூடாது சொர்ணா. வெசனத்த உள்ளயே வெச்சுக்க கண்ணு. அம்மா எடுத்துக்கிட்ட புள்ளைக்கு அழுவக்கூடாது. அழுதா அவளுக்கு ஆகாது."

சொர்ணலதா தன் வீட்டு நிலையின் கீழ் குனிந்து நுழைந்தாள். நிலையில் கட்டியிருந்த வேப்பிலைக் கொத்து காய்ந்து அவள் தலைமுடியில் உரசியது. அதை அங்கே கட்டியவள் அவளேதான்.

யமுனாவுக்கு அம்மை வரவே இல்லை.

வந்தது ரத்தத்தில். இரண்டு வருஷத்துக்கு முன்னால், பிள்ளையின் முழங்காலுக்குக் கீழே நீலம் நீலமாகக் கன்றியிருந்ததைப் பார்த்து, ஸ்கூல் டீச்சர்தான் கிள்ளியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு சொர்ணலதா நேரே போய்ச் சண்டை போட்டாள். அந்த டீச்சர் பாவம், அழுதே விட்டாள். அப்புறம் பிள்ளை கால் வலிக்கிறது என்று இரவில் முனகினாள். விளையாடின அசதி என்றார்கள். முகம் வெளுத்தது, ரத்தசோகை என்று டானிக் கொடுத்தார்கள். காய்ச்சல் வந்து வந்து போனது. கடைசியில் ஒரு வயதான டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்த்துவிட்டு, இன்றைக்கே பெங்களூர் போங்கள் என்றார்.

பெங்களூரில் இடுப்பெலும்பில் ஊசி குத்தி உறிஞ்சிப் பார்த்தார்கள். அங்கே இருந்த டாக்டருக்குத் தமிழ் தெரிந்தது. எலும்புக்குள்ளேதான் ரத்தம் ஊறுகிறது, அங்கே பிஞ்சு அணுக்கள் பழுக்காமல் பெருகிவிட்டன, நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் போய்விட்டது என்றார். சந்திரன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "பொழைக்குங்களா?" பெரியவர்களைவிடக் குழந்தைகள் பிழைப்பது அதிகம், ஆனால் வைத்தியம் வருஷக்கணக்கில் போகும், நடுவில் விடக்கூடாது என்று டாக்டர் சொன்னார். அவர்கள் விடவில்லை. பிள்ளையை வில்லாக வளைத்துப் படுக்க வைத்து முதுகுத்தண்டில் மருந்து ஏற்றும்போது சொர்ணலதா அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். மாத்திரையின் வேகத்தில் முகம் பூசணிக்காயாக ஊதி, நேரங்கெட்ட நேரத்தில் பிள்ளை போண்டா கேட்டபோது சந்திரன் மார்க்கெட் முழுக்கத் தேடிக் கொண்டுவந்தான். மாதேஸ்வரன் மலைக்குப் பிள்ளையின் முடி கொடுப்பதாகச் சொர்ணலதா வேண்டியிருந்தாள். அந்த முடியை மருந்து முன்னாலேயே எடுத்துக்கொண்டது. "சாமி நம்மள நம்பாம அவரே எடுத்துக்கிட்டார்" என்று யமுனாவிடம் சொன்னாள். பிள்ளை மொட்டைத்தலையைத் தடவிக்கொண்டு சிரித்தாள்.

ரத்தத்தில் பிஞ்சு அணு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்ன நாளில் மூன்று பேரும் ஓட்டலில் மசாலா தோசை சாப்பிட்டார்கள். அதன் பிறகும் மாத்திரை தொடர்ந்தது. முடி முன்னைவிடச் சுருளாக முளைத்தது. போன தசராவுக்கு அப்பா தோளில் உட்கார்ந்து யானை பார்த்தாள். வளவு முழுக்க, நோய் போய்விட்டது என்று நம்பியது. சொர்ணலதாவும் நம்பினாள்.

தை மாதம் திரும்பவும் கால் வலித்தது.

இரண்டாம் தடவை மருந்து இன்னும் கடுமை. நல்ல அணுவும் கெட்ட அணுவும் சேர்ந்து செத்தால்தான் புது ரத்தம் ஊறும், அதுவரைக்கும் இந்தப் பிள்ளைக்குக் காவலே கிடையாது என்று டாக்டர் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார். யாரையும் கிட்டே விடாதீர்கள். சளி, இருமல், முக்கியமாக அம்மை கண்ட குழந்தை எதுவும் பக்கத்தில் வரக்கூடாது.

சொல்வது அவருக்குச் சுலபம். அவர் வளவில் குடியிருந்ததில்லை. சொர்ணலதா கதவைச் சாத்தினாள். ஒருநாள் நாச்சம்மாள் திருநீறும் ஒரு முழம் கனகாம்பரமும் கொண்டுவந்தாள். வாசலிலேயே நிறுத்தியதும் அவள் முகம் சுருங்கியது. "எங்களுக்கென்ன குட்டமா பிடிச்சிருக்கு? வாசல்ல நிக்க வெச்சுப் பேசற?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனாள். யமுனாவோடு விளையாட வந்த பிள்ளைகளை விரட்டினால் அவர்களுடைய அம்மாக்கள் குழாயடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? பெங்களூர் போய் வந்த திமிர் என்றார்கள். இதற்கெல்லாம் பதில் சொல்ல அவளுக்கு நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. நோய் திரும்பி வந்துவிட்டது என்று வாயால் சொல்ல மனசும் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரி மாதேவியின் மூத்த மகனுக்கு அம்மை கண்டது. கேள்விப்பட்டதும் சொர்ணலதா யமுனாவின் பாயை அந்தப் பக்கத்துச் சுவரிலிருந்து தள்ளி இழுத்துப் போட்டாள். ஒற்றைச் சுவர்தான் நடுவில். மாதேவி வீட்டு நிலையில் வேப்பிலை ஏறியது. அதோடு ஒருவர்கூட அந்த வாசலைத் தாண்டவில்லை. யாரும் கோபிக்கவில்லை. இளநீரை வாசலில் வைத்துவிட்டுக் கும்பிட்டுப் போனார்கள். அம்மா வந்திருக்கிறாள், அவளாக இறங்கிப் போகும்வரை விலகி நிற்பதுதான் மரியாதை. கன்னடக்காரருக்கும் தமிழருக்கும் அதில் பேதமில்லை.

சொர்ணலதா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் காலையில் சந்து முனை மரத்தில் ஒரு கொத்து ஒடித்துவந்து தன் நிலையிலும் கட்டினாள்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த சந்திரன் வாசலைப் பார்த்துப் பதறிப்போனான். விஷயம் தெரிந்ததும் இன்னும் பதறினான்.

"சாமி காரியத்துல வெளையாடாத சொர்ணா."

"ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணமே பண்றாங்க. நான் ஒரு பொய் சொன்னேன். எம்புள்ள பொழைக்கட்டும், அப்புறம் சாமி கால்ல நானே உளுந்துக்கறேன்."

பொய் அமோகமாகப் பலித்தது. வளவே அடங்கிப்போனது. யாரும் எண்ணெய்ச்சட்டி வைக்கவில்லை, கடுகு தாளிக்கவில்லை. முகம் திருப்பிய நாச்சம்மாளே இளநீரும் கேழ்வரகுக் கூழும் கொண்டுவந்து வாசலில் வைத்து, "தாயி, கொழந்தைய நோகடிக்காம எறங்கிக்கம்மா" என்று கும்பிட்டாள். ரத்தப் பரிசோதனைக்குப் பொழுது விடியுமுன் ஆட்டோவில் போய் வந்ததைக்கூட, கோயிலுக்கு என்று சொன்னால் நம்பினார்கள். யமுனா ஜன்னல் சந்து வழியாகப் பார்த்துவிட்டு, "எதுக்கும்மா என்னையக் கும்பிடறாங்க? நான் சாமியா?" என்று கேட்டாள். ஆமாம் சாமி என்று சொர்ணலதா சொன்னாள். பிள்ளைகளைச் சாமி என்று கூப்பிடுவது அவர்கள் ஊர் வழக்கம்தான், இருந்தாலும் அன்றைக்குச் சொல்லும்போது நாக்கு தடுக்கியது. அந்த வேப்பிலையை அவள் எடுக்கவேயில்லை. ஒருமுறை இறங்கி மறுபடி போட்டிருக்கிறது என்று சொல்லி, காய்ந்த கொத்துக்குப் பதில் புதுக்கொத்து கட்டினாள். பிள்ளையோடு பேசுவதைத் தவிர அவள் வேறு யாரோடும் உட்கார்ந்து பேசி வெகுநாளாகியிருந்தது.

நேற்றுச் சாயங்காலம் யமுனாவுக்கு நடுக்கிக் காய்ச்சல் அடித்தது. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பெங்களூருக்கு ட்ரங்க் கால் போட்டுக் கேட்டு அவர்கள் சொன்ன மருந்தையே ஏற்றினார்கள். விடியற்காலையில் முடிந்துவிட்டது.

அங்கே இருந்த சின்ன வயசு டாக்டரம்மா நல்லவள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, நீங்கள் பார்த்துக்கொண்ட மாதிரி யாரும் பார்த்துக்கொள்ள முடியாது என்று கன்னடத்தில் சொன்னாள். யாரையாவது உள்ளே விட்டுவிட்டேனோ என்று சொர்ணலதா கேட்டாள். அதற்கு அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதலாகச் சொன்னாள்: வெளியிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை அம்மா. எல்லார் குடலிலும் இருக்கிற சாதாரணக் கிருமிதான். ரத்தத்தில் காவல் இல்லாததால் அது உள்ளேயிருந்தே ஏறிவிட்டது.

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். டாக்சியில் வரும் வழியெல்லாம் சொர்ணலதா அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தாள். கதவைச் சாத்தி, ஜன்னலைச் சாத்தி, பொய் சொல்லி, ஊரையே வெளியில் நிறுத்தியிருந்தாள். யமுனாவைத் தோழிகளிடமிருந்து பிரித்து நாலு சுவருக்குள் வைத்திருந்தாள். கிருமி பிள்ளையின் வயிற்றுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

இப்போது யமுனா பாயில் கிடந்தாள். சந்திரன் குழி வெட்ட ஏற்பாடு செய்யப் போயிருந்தான். சின்னப் பிள்ளை என்பதால் பாடையில்லை, பறையில்லை, பதினாறாம் நாள் காரியமும் இல்லை. அப்பன் கையில் தூக்கிப் போய்ப் புதைத்துவிட்டு வருவான். அம்மை கண்ட பிள்ளை என்றால் அதற்கும் குறைவு. உச்சி வெயிலுக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் என்று நாச்சம்மாள் சொல்லியனுப்பியிருந்தாள்.

ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது. பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டும்.

குளிப்பாட்டுவது ஒற்றை ஆள் வேலையில்லை. ஒருத்தி தலையைத் தாங்க, ஒருத்தி தண்ணீர் ஊற்ற, ஒருத்தி மஞ்சள் பூச, மூன்று பேராவது வேண்டும். வெளியில் தண்ணீர் வைக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். வாசற்படிக்கு வெளியே மூன்று குடம் தண்ணீர், அரைத்த மஞ்சள் ஒரு கிண்ணத்தில், நாச்சம்மாள் கட்டின பூச்சரம் ஒரு இலையில். எல்லாம் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. வைத்தவர்கள் முற்றத்துக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். வாசல்வரை வராத பிரியம் ஒன்றுமில்லை அந்த வளவில். வாசலுக்கு இப்பால் அவள் மட்டும்தான்.

"மாதேவி" என்று கூப்பிட்டாள். "தலையப் புடிச்சுக்க ஒரு ஆள் வேணும். சித்த வந்துட்டுப் போ."

மாதேவி இடுப்பில் கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். வயது இருபத்தைந்துகூட இருக்காது. அவள் ஒரு அடி எடுத்து வைத்து நின்றுவிட்டு, நாச்சம்மாளைப் பார்த்தாள். பிறகு குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"பேடா அக்கா, வேண்டாம்... கைக்கொழந்தை இருக்கு. அம்மா இருக்கற மனைக்குள்ளே எப்படி வர்றது?"

சொர்ணலதாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. ஒரு மனுஷக் கை வேண்டும், வேறொன்றும் வேண்டாம். ஒருத்தி உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஐயோ யமுனா என்று ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொன்னால் போதும். அவள் படிக்கு வந்து நின்று உரக்கவே சொன்னாள்.

"அம்மை இல்ல. எம்புள்ளைக்கு அம்மை வரவே இல்ல. பழைய ரத்த நோவுதான் திரும்பி வந்துச்சு. யாரும் உள்ள வரக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. அதுக்காக நாந்தான் பொய்யா வேப்பிலை கட்டுனேன்."

யாரும் கோபப்படவில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நாச்சம்மாள் தலையை ஒரு பக்கம் சாய்த்து, இரக்கமாகப் பார்த்தாள்.

"பெத்த மனசு பித்து, கண்ணு. அப்படித்தான் என்னத்தையாச்சும் பேசும். அம்மா இருக்கற ஒடம்புல ஆஸ்பத்திரில ஊசி குத்த உட்டயே, அதுலதான் அவ கோவிச்சுக்கிட்டா. போகட்டும், இனி பேசி என்ன பண்றது."

"இல்லீங்க்கா. நான் சொல்றது நெசம். வேணும்னா வந்து பாருங்க. அம்மைன்னா கொப்புளம் இருக்குமில்ல? எங்க இருக்கு காட்டுங்க."

அவள் உள்ளே போய்ப் பாயை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்தாள். போர்வையை விலக்கி, பாவாடையை முழங்கால்வரை ஒதுக்கினாள். பெண்கள் நின்ற இடத்திலிருந்தே கழுத்தை நீட்டினார்கள். நாச்சம்மாள் மட்டும் நாலு அடி முன்னால் வந்து குனிந்து பார்த்தாள்.

பிள்ளையின் காலெல்லாம் புள்ளி. குண்டூசித் தலையளவு செம்புள்ளிகள் கணுக்காலிலிருந்து தொடைவரை நெருக்கமாக ஏறியிருந்தன. வயிற்றிலும் இருந்தன, கழுத்திலும் இருந்தன. ரத்தத்தை உறைய வைக்கும் அணு குறைந்துபோனால் தோலுக்கடியில் அப்படிக் கசியும். முதல் தடவையே சொர்ணலதாவுக்கு அது பாடம். கொசுக்கடி என்று நினைத்து எண்ணெய் தடவி ஏமாந்தவள் அவள். தினமும் பார்த்துப் பழகிய புள்ளிகள்தான். ஆனால் இன்றைக்கு, வெளிறிப்போன தோலில், இவர்கள் கண்ணோடு சேர்ந்து பார்த்தபோது, அவளுக்கே அது அம்மை மாதிரிதான் தெரிந்தது.

"தாயே!" என்று நாச்சம்மாள் கைகளைத் தலைக்குமேல் கூப்பினாள். "முத்து முத்தா போட்டிருக்காளே!"

பின்னால் நின்ற பெண்கள் எல்லாரும் கும்பிட்டார்கள். மாதேவி குழந்தையின் கைகளையும் சேர்த்துப் பிடித்துக் கும்பிட வைத்தாள்.

அந்த நேரத்தில் சந்திரன் வெள்ளைத் துணியோடு வளவுக்குள் வந்தான். சொர்ணலதா அவனைப் பார்த்ததும் ஓடிப்போகாத குறைதான்.

"ஏனுங்க, நீங்க சொல்லுங்க. டாக்டர் என்ன சொன்னாங்கன்னு நீங்க சொல்லுங்க இவிய கிட்ட. நீங்க சொன்னா நம்புவாங்க."

சந்திரன் அவளைப் பார்த்தான். கூப்பிய கைகளைப் பார்த்தான். நிலையில் தொங்கிய வேப்பிலையைப் பார்த்தான்.

"அம்மாதான் கூப்புட்டுக்கிட்டா" என்றான். "நாம என்ன பண்ண முடியும்."

சொர்ணலதா திரும்பி உள்ளே போனாள். குடங்களை ஒவ்வொன்றாக உள்ளே தூக்கி வைத்தாள். பிள்ளையைச் சுவரோரம் சாய்த்து, முதுகைத் தன் மார்பில் தாங்கிக்கொண்டு, இடது கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் தண்ணீர் ஊற்றினாள். தலை ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே இருந்தது. அவளும் முழுக்க நனைந்தாள். முதுகுத்தண்டில் ஊசி குத்திய தழும்புகளை விரலால் தடவித் தடவி மஞ்சள் பூசினாள். இடுப்பெலும்பில் இருந்த வடுவின் மேலும் பூசினாள். சுருள்முடி இரண்டாம் தடவையும் கொட்டிப்போயிருந்ததால் பூச்சரத்தைச் செருக இடமில்லை. கழுத்தில் போட்டுவிட்டாள். அழுகை நெஞ்சுவரை வந்து நின்றது. வாயைத் திறந்தால் நாச்சம்மாள் வெளியிலிருந்து அடக்குவாள் என்று பயமாக இருந்தது. அழவும் ஊரைக் கேட்க வேண்டிய நிலைமைக்குத் தன்னைத் தானே கொண்டுவந்து விட்டுக்கொண்டோம் என்று நினைத்தாள்.

சந்திரன் துணியோடு உள்ளே வந்தான். இரண்டு பேருமாகப் பிள்ளையைச் சுற்றினார்கள். குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"நெசத்தச் சொன்னா உன்னையத்தான் சொல்லுவாங்க சொர்ணா. அம்மன் பேருல பொய் சொன்னா, அதான் அவ எடுத்துக்கிட்டான்னுவாங்க. ஆயுசுக்கும் சொல்லுவாங்க. உன்னால தாங்க முடியாது."

"நீங்களும் அப்படித்தான் நெனைக்கறீங்களா?"

அவன் துணியின் முனைகளை இழுத்து முடிச்சுப் போட்டான். அது சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடி போட்டான். அப்புறம் இரண்டு கையையும் கீழே கொடுத்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டான்.

பெண்கள் மயானத்துக்குப் போகும் வழக்கம் இல்லை. சந்திரன் முன்னால் நடக்க, கடை முதலாளியும் வளவு ஆண்கள் நாலைந்து பேரும் பின்னால் போனார்கள். சந்து திரும்பும்வரை மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டே போனாள் நாச்சம்மாள். ஒரு சத்தமும் இல்லை. எதிரே சைக்கிளில் வந்த பால்காரர் இறங்கி நின்றார். இறந்தது யார் என்று விசாரிக்கக்கூட அங்கே அழுகுரல் இல்லை.

சொர்ணலதா குழாயடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். அவள் வருகிறாள் என்று பெண்கள் குழாயை விட்டு ஒதுங்கி நின்றார்கள். ஈரப்புடவையை மாற்றிக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தவில்லை. இனிமேல் சாத்திவைக்க அந்த வீட்டில் எதுவும் இல்லை. வெயில் படிவரை வந்தது. குழந்தைகள் முற்றத்தில் ஓடின. ஒவ்வொன்றும் அவள் வாசலுக்கு நேரே வரும்போது மட்டும் ஓட்டத்தைக் குறைத்து, ஓரமாகச் சுற்றிக்கொண்டு போயிற்று. யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மாத்திரை பொடிக்கும் சின்னக் கல் மூலையில் கிடந்தது. அதைக் கழுவி வைக்க வேண்டும் என்று தோன்றியது, எழுந்திருக்கத்தான் தோன்றவில்லை.

வெயில் தாழ்ந்த நேரத்தில் வாசலில் நிழல் தட்டியது. மாதேவி நின்றிருந்தாள். குளித்து, நெற்றிக்கு இட்டு, கோயிலுக்குப் போகிறவளைப்போல வந்திருந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. படியைத் தாண்டாமல் வெளியே நின்று, தயங்கித் தயங்கிப் பேசினாள்.

"அக்கா, கோவிச்சுக்காதே. காலைலே நான் வரல்லே. பயம் ஆயித்து." குழந்தையைச் சற்று முன்னால் நீட்டினாள். "அம்மா உங்க மனைக்கு வந்து கொழந்தையைத் தன்கூடவே அழைச்சுட்டுப் போனா. நாச்சக்கா சொன்னாங்க, அது சும்மா இல்லே, பெரிய விஷயம்னு. இவனுக்கு உங்க கையாலே ஒரு பொட்டு மஞ்சள் வெச்சுடு அக்கா. இவனுக்கு ஒண்ணும் வராமே இருக்கட்டும்."

சொர்ணலதா அவளை நிமிர்ந்து பார்த்தாள். இல்லை என்று சொல்லலாம். காலையில் சொன்னதையே மறுபடி சொல்லலாம். இந்தச் சின்னப்பெண் அதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போவாள். வைத்துவிட்டால் அப்புறம் எந்தக் காலத்திலும் நிஜத்தைச் சொல்ல முடியாது. யமுனா எதனால் செத்தாள் என்பது அவளுக்கும் அவள் புருஷனுக்கும் மட்டும்தான் தெரியும். புருஷன் எதை நம்புகிறான் என்பது அவளுக்குத் தெரியாது.

எழுந்தாள். கிண்ணத்தில் பிள்ளைக்குப் பூசியது போக மஞ்சள் கொஞ்சம் மிச்சமிருந்தது. விரலில் தொட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து, குழந்தையின் நெற்றியில் வைத்தாள். குழந்தை கண்ணைக் கொட்டியது. கையை எடுப்பதற்குள் அவளுடைய மஞ்சள் விரலை எட்டி, ஐந்து விரலாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. உள்ளங்கை சூடாகவும் ஈரமாகவும் இருந்தது.

"விடோ கண்ணா" என்றாள் மாதேவி. "அக்கா கையை விடு."

குழந்தை விடவில்லை. மாதேவி சங்கடமாகச் சிரித்து, மெல்ல அதன் விரல்களைப் பிரிக்கப் போனாள். பிறகு சொர்ணலதாவின் முகத்தைப் பார்த்தாள், பிரிக்காமல் நின்றாள்.

சொர்ணலதா வாசற்படிக்கு உள்ளேயே நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய கை மட்டும் வெளியே இருந்தது.